மின் கிற்றார் வாங்கும் முன்பு

வவுணதீவைச் சேர்ந்த ஒரு தாயார் எழுதிய கடிதம் நம் மேசைமேல் இருக்கின்றது. மூத்த மகன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டான். மூன்று ஆண்டுகளாக இரவல் கிற்றார் ஒன்றில் வாசித்துப் பழகியவன். இப்போது சொந்தமாக ஒன்று வேண்டுமாம். அதுவும் சாதாரணக் கிற்றார் அன்று. வயலினுக்கு இருப்பதுபோல மேற்பலகையில் இரண்டு வளைந்த துளைகள் உடையதும், அதே வேளையில் மின்சாரத்தினால் ஒலிப்பதுமான ஒன்று. தகப்பனார், "மின்சாரம் என்றால் முழுதும் மின்சாரமாக இருக்கட்டும், இல்லையென்றால் பழைய மாதிரியே இருக்கட்டும். இரண்டுங்கெட்டானுக்கு மாரி வேளாண்மைக் காசைக் கொட்டுவதா?" என்று கேட்கின்றாராம். இது வாங்கத் தக்க பொருள்தானா, எவ்வளவு கொடுக்கலாம், மகனுக்கு இந்த ஆசை நிலைக்குமா என மூன்று கேள்விகளை அந்த அம்மையார் விடுத்திருக்கின்றார்.

மூன்றாவது கேள்விக்கு அவரே பதில் எழுதிவிட்டார். பிறருடைய வாத்தியத்தில் மூன்று ஆண்டுகள் விடாது பழகிய பிள்ளையின் ஆசையைப் பொழுதுபோக்கு ஆசை என்று தள்ளிவிட முடியாது. மற்ற இரண்டையும் சற்று விரிவாகப் பார்ப்போம். இக்கேள்வி அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று என்பது நம் எண்ணம்.

கடைக்காரர் இக்கிற்றாரைச் "செமி ஹொலோ" என்பர். நாம் அரைப்பொள்ளற் கிற்றார் என்று வைத்துக்கொள்வோம். வீணையைப் பார்த்த கண்ணுக்கு இதன் உறுப்புகள் ஒன்றும் புதியன அல்ல. குடம் உண்டு, தண்டி உண்டு, மெட்டுகள் உண்டு, கம்பிகளைத் தாங்கும் குதிரை உண்டு, சுருதி கூட்டும் பிருடைகள் உண்டு. சாதாரணக் கிற்றாரில் குடம் முழுதும் பொள்ளல். கம்பியின் அதிர்வைக் குடத்துக் காற்று வாங்கிப் பெருக்கி வெளியிடும். திண்மரக் கிற்றாரில் குடம் ஒரே கட்டை. அதற்குத் தானாகக் குரல் மிகக் குறைவு. அரைப்பொள்ளற் கிற்றாரிலோ குடத்தின் இருபுறமும் பொள்ளலாக இருக்க, நடுவே தண்டியிலிருந்து அடிவரை ஒரு மரக்கட்டை ஓடுகின்றது. குதிரையும், அதிர்வை மின்னாக்கும் உறுப்பும் அந்தக் கட்டையின் மேல் அமர்ந்திருக்கின்றன.

அந்த உறுப்புக்குப் பிக்கப் என்று பெயர். விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள் இதனை எளிதில் அறிவர். ஒரு காந்தத்தைச் சுற்றி மயிரினும் மெல்லிய செப்புக் கம்பியைப் பல்லாயிரம் முறை சுற்றியிருப்பார்கள். அதன்மேல் உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகின்றது. செப்புச் சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கின்றது. 1831 ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே கண்ட உண்மையே இது. ஆகவேதான் நைலோன் தந்தி பூட்டினால் இக்கருவி ஊமையாகிவிடும். ஒற்றைச் சுருள் பிக்கப், வீட்டு மின்கம்பிகளிலுள்ள 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்து வாங்கி "ம்ம்" என்று முனகும். இரண்டு சுருள்களை ஒன்றுக்கொன்று எதிராக இணைத்து அந்த முனகலை அடக்கும் வழியை 1955 இல் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் என்ற பொறியியலாளர் வகுத்தார். அரைப்பொள்ளற் கிற்றார்களிற் பெரும்பாலானவற்றில் இந்த இரட்டைச் சுருளே இருக்கும். பழைய மின்னிணைப்பு உள்ள வீடுகளுக்கு இஃது ஒரு வரப்பிரசாதம்.

இருக்கட்டும்; நடுக்கட்டை எதற்காக? கோயில் திருவிழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் முன்னே கொண்டுபோனால் காது கிழியக் கூவுவதை எல்லோரும் கேட்டிருப்போம். பெருக்கியில் வந்த ஒலி மீண்டும் வாங்கியிற் புகுந்து, மீண்டும் பெருகி, முடிவின்றிச் சுழல்வதால் வரும் கூவல் அது. 1930களில், முழுப்பொள்ளற் கிற்றாரில் பிக்கப்பைப் பூட்டி மேடை ஏறியவர்கள் இந்தத் தொல்லையை அனுபவித்தார்கள். ஒலிபெருக்கியின் ஒலி பொள்ளற் குடத்தை உலுக்க, குடம் தந்தியை உலுக்க, கூவல் தொடங்கிவிடும். 1936 இல் வெளிவந்த கிப்சன் ஈ.எஸ். 150 என்ற கிற்றாரைக் கொண்டு சார்லி கிறிஸ்தியன் என்ற கறுப்பின இளைஞர் ஜாஸ் இசையில் கிற்றாரின் இடத்தையே மாற்றினார். 1942 இல், இருபத்தைந்து வயதிலேயே, மறைந்தும் போனார். வாத்திய கோஷ்டிகளின் ஓசை ஏற ஏற, பொள்ளற் குடத்தின் கூவலும் ஏறிற்று.

லெஸ் போல் என்ற வித்துவான் 1940ஐ ஒட்டி ஒரு விளையாட்டுச் செய்தார். நியூயோர்க்கிலிருந்த எபிபோன் தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இடம் கேட்டு வாங்கி, நான்கு அங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றில் தண்டியும் தந்தியும் பிக்கப்பும் பூட்டினார். ஓசை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கட்டையைக் கையில் வைத்திருப்பவரைச் சபையோர் கிற்றார் வாசிப்பவராக மதிக்கவில்லை போலும்! ஆகவே ஒரு பழைய கிற்றாரின் குடத்தை இரண்டாகப் பிளந்து கட்டையின் இருமருங்கும் ஒட்டினார். அழகுக்காக ஒட்டிய சிறகுகள் அவை. ஆனால் பொள்ளலும் கட்டையும் ஒன்றாக வாழலாம் என்ற எண்ணம் அதிலே அடங்கியிருந்தது. டெட் மக்கார்ட்டி தலைமையில் கிப்சன் கம்பெனி 1958 இல் வெளியிட்ட ஈ.எஸ். 335 அந்த எண்ணத்தை முழுமையாக நிறைவேற்றியது. இன்று உலகெங்கும் விற்கப்படும் அரைப்பொள்ளற் கிற்றார்களுள் மிகப்பலவற்றுக்கு அதுவே தாய். பருத்தித் தோட்டத்துக் குடியானவர் வீட்டில் 1925 இல் பிறந்த பி. பி. கிங், இவ்வினத்துக் கிற்றாருக்கு "லூசில்" என்று பெண்பெயர் இட்டு உலகம் முழுதும் கொண்டு திரிந்தார். 1980 இல் அவர் பெயராலேயே கிப்சன் செய்த கிற்றாரில், கூவலை இன்னும் குறைப்பதற்காக, மேற்பலகைத் துளைகளையும் அடைத்துவிட்டார்கள்.

இப்போது தகப்பனாரின் "இரண்டுங்கெட்டான்" என்ற சொல்லுக்கு வருவோம். மின்சாரத்தை நம்பி வாழும் நகரத்தில் அவ்வாறு சொல்லலாம். படுவான்கரையில் அது பொருந்தாது என்பதே நம் கருத்து. 2007 வரையில், போர்க்காலத்தில், அக்கரையின் பல ஊர்களில் மின்கம்பியே இல்லை. 2022 மார்ச்சு மாத முடிவில் நாடு முழுவதும் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் விளக்கு அணைந்திருந்ததையும் நாம் மறக்கவில்லை. திண்மரக் கிற்றார் அத்தகைய இரவுகளில் விறகுக்கு அடுத்த பொருள். அரைப்பொள்ளற் கிற்றாரோ மின்சாரம் இல்லாதபோதும் தாழ்ந்த குரலிற் பேசும். வாசிப்பவனுக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். அடுத்த அறையில் நித்திரை செய்பவரை எழுப்பாது. வீட்டிற் பயிற்சி செய்யும் மாணவனுக்கு இதைவிட உகந்த அளவு வேறில்லை. ஆனால் சாதாரணக் கிற்றாரைப்போல ஒரு மண்டபத்தை நிரப்பும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

மட்டக்களப்பார் பாடும் மீனைக் கேட்பது எப்படி? நிலவிரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவியில் ஆழ்த்தி, மறுமுனையிற் காதை வைப்பார்கள். நீரின் ஒலி மரம் ஏறிக் காதுக்கு வந்துவிடும். கடையில் இரைச்சல் மிகுந்திருந்தால் கிற்றாரையும் அவ்வாறே சோதிக்கலாம். குடத்தின் மேல்விளிம்பிற் காதை ஒட்டி வைத்துத் தந்தியைத் தட்டினால், எந்த மெட்டில் உலோகம் கரகரக்கின்றது, எந்த ஒட்டு விட்டுப்போயிருக்கின்றது என்பதெல்லாம் தெரியும்.

"இது நமக்கு அந்நிய வாத்தியம் அன்றோ?" என்று வேறு சிலர் கேட்கக்கூடும். மட்டக்களப்பில் அக்கேள்விக்கு இடமே இல்லை. 1628 இல் புளியந்தீவிற் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் பத்தாண்டில் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தார்கள். ஆனால் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் இங்கேயே தங்கினர். தச்சரும் கொல்லருமாய் உழைத்த அக்குடும்பங்களின் கலியாண வீடுகளில் வயலினும் கிற்றாரும் ஒலிக்கக் கப்ரிஞ்ஞா ஆடுவது நெடுங்கால வழக்கம். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை டச்பார்க் கரையில் அச்சமூகத்தைக் கொடுமையாகத் தாக்கியது. எனினும் அந்த ஆட்டமும் பாட்டும் அழியவில்லை. 1960களின் இறுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் தமிழிற் பொப் பாடல்களைப் பாடியபோது, கிற்றார் ஈழத்துத் தமிழ் வீடுகள்தோறும் அறிமுகமாயிற்று.

இன்னும் பின்னோக்கிப் போவதானால், காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளாரின் யாழ் நூல் இருக்கின்றது. வழக்கொழிந்த யாழின் உறுப்புகளையும் சுருதிகளையும் பல்லாண்டு ஆராய்ந்து, 1947 ஜூனில் அந்நூலை அரங்கேற்றி, அடுத்த மாதமே அடிகளார் இவ்வுலகை நீத்தார். யாழின் அடியில் இருக்கும் பொள்ளலான உறுப்புக்குப் பத்தர் என்று பெயர், அதன்மேல் தோற்போர்வை. பொள்ளலான வயிற்றில் நரம்பின் ஒலியைப் பெருக்குதல் தமிழனுக்குப் புதிய கலை அன்று. கர்நாடக இசையின் கமகம் மின்தந்தியில் வருமா என்று ஐயுறுவோர், சிறுவனாகவே மின் மண்டலினில் கச்சேரி செய்து உலகை வியக்கவைத்த உ. ஸ்ரீநிவாஸின் இசைத்தட்டுகளைக் கேட்கட்டும். அவர் 2014 இல் காலமானார். கிற்றாரிலேயே கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னாவின் வாசிப்பும் கிடைக்கின்றது.

விலைக்கு வருவோம். தாய்க் கிற்றாராகிய கிப்சன் 335 இன்று அமெரிக்காவில் மூவாயிரம் டொலருக்கு மேல். அதனை நாம் மறந்துவிடலாம். கிப்சனுக்கு உரிமையான எபிபோன், ஜப்பானிய ஐபனேஸ் கம்பெனி 2002 முதல் விற்கும் ஆர்ட்கோர் வரிசை, கிரெட்ஷ் கம்பெனியின் ஸ்ட்ரீம்லைனர் ஆகியவையே நடுத்தரக் குடும்பம் எண்ணிப் பார்க்கத் தக்கவை. இவை பெரும்பாலும் ஆசிய நாடுகளில் செய்யப்படுகின்றன. அதனால் இழிவு ஒன்றுமில்லை. ஐந்நூறு டொலர் அளவில் ஒன்று என்றால், டொலர் 300 ரூபா என்ற கணக்கில் ஒன்றரை இலட்சம் ரூபா. கப்பற்கூலியும் தீர்வையும் வேறு. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த நாட்டு நெல் விலை கிலோவுக்கு 120 ரூபா. அந்த விலையில் 1250 கிலோ நெல்! 2022 தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவரை ஏறியபோது, இதே கிற்றாரின் விலை நம் பிள்ளைகளின் கண்ணெதிரே இரட்டிப்பை நெருங்கியது. தகப்பனாரின் தயக்கத்தில் நியாயம் இருக்கின்றது என்பதை மகன் உணரவேண்டும்.

ஆகவே பழைய கருவியைத் தேடுக என்பதே நம் யோசனை. பல ஆண்டு விற்கப்பட்ட எபிபோன் டொட், ஆர்ட்கோர் வரிசையின் ஏ.எஸ். 73 ஆகியவை கைமாறி வருவதுண்டு. குடம் ஒட்டுப்பலகை என்று விற்பவர் குறையாகச் சொன்னால், அந்தக் குறையை மகிழ்ச்சியோடு ஏற்று விலையைக் குறைத்துக் கேட்கலாம். மூல ஈ.எஸ். 335 உம் ஒட்டுப்பலகையே. அதுவன்றி, ஈரமும் வெயிலும் மாறி மாறி வரும் நம் கரையில் தனிப்பலகையைக் காட்டிலும் ஒட்டுப்பலகை வெடிப்புக்கு அஞ்சாது. மிக மலிவாக "கிப்சன்" என்ற பெயர் பொறித்து ஒன்று வந்தால் அதனைத் தொடவே வேண்டாம். பொய்ப் பெயர் உள்ள கருவியில் வேறு எதுவும் மெய்யாக இராது. கடன் பட்டு வாங்குவதையும் நாம் ஒப்பமாட்டோம். வாரந்தோறும் வாசலுக்கு வரும் நுண்கடன்காரரால் நம் மாவட்டத்துப் பெண்கள் பட்ட பாடு போதும். மாரி நெல் விற்ற கையோடு ஒரு பகுதியை ஒதுக்கி, மகன் ஆறு மாதம் உழைத்து மீதியைச் சேர்த்தாற் போதுமானது.

வாங்கும் நாளில் அவசரம் கூடாது. முதலில் தலைப்பகுதி தண்டியோடு சேரும் இடத்தின் பின்புறத்தை வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்க வேண்டும். இவ்வகைக் கிற்றார் விழுந்தால் முறிவது அங்கேதான். ஒட்டி வர்ணம் பூசியிருந்தால் விரல் நகத்துக்குத் தட்டுப்படும். அடுத்து ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துக. நடுவில், ஏழாம் எட்டாம் மெட்டருகில், ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் இடைவெளி இருந்தால் தண்டி நேராக இருக்கின்றது என்று கொள்ளலாம். பென்சில் நுழைந்தால் வளைந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் பொறுமையாக வாசிக்க வேண்டும். இதற்குக் கால் மணி நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். கடைசியாக, மின்பெருக்கியிற் கொழுவி எல்லாத் திருகிகளையும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். இதிலேதான் இக்கருவியின் தனிக்குறை ஒன்று மறைந்திருக்கின்றது. திண்மரக் கிற்றாரில் பின்மூடியைக் கழற்றி உள்ளே கை வைக்கலாம். அரைப்பொள்ளலில் பெரும்பாலும் அத்தகைய மூடி கிடையாது. பழுதான திருகியை நூலிற் கட்டி, மேற்பலகைத் துளை வழியே மீன் பிடிப்பதுபோல இழுத்தெடுத்து, மீண்டும் அதே வழியாகச் செலுத்த வேண்டும். பழுது சிறியது, கூலி பெரியது. கரகரக்கும் திருகி உள்ள கருவிக்கு விலையைத் தாராளமாகக் குறைக்கலாம்.

மின்பெருக்கி இன்றி இக்கிற்றார் பாதிக் கருவியே. பத்து வாட் பெருக்கி வீட்டுக்கும் சிறு கூட்டத்துக்கும் தாராளம். மொத்தப் பணத்தில் நாலில் ஒரு பங்கை இதற்கென முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். கிற்றாருக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வானொலிப் பெட்டியில் கொழுவி வாசிக்கும் பிள்ளை, நல்ல கருவியின் குரலை ஒருநாளும் கேட்கமாட்டான். ஜப்பானிலிருந்து வரும் பழைய பெருக்கிகள் மலிவு. ஆனால் அவை 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மின்மாற்றி இல்லாமல் சொருகினால் ஒரு புகையோடு கதை முடியும். பின்புறத் தகட்டில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் சொருகலாகாது.

இதனினும் பெரிய ஆபத்து நிலத்தொடுப்பு இல்லாத மேடை. 1972 மே மாதத்தில், வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், லெஸ்லி ஹார்வி என்ற ஸ்கொத்லாந்து நாட்டுக் கிற்றார்க் கலைஞர் சபையோர் முன்னிலையில் மின்தாக்கி இறந்தார். சரியாக நிலத்தொடுப்புச் செய்யாத ஒலிவாங்கியைத் தொட்டதே காரணம். உருக்குத் தந்தியில் ஒரு கையும் ஒலிவாங்கியில் மறு கையும் வைத்து நிற்பவன், மின்சாரத்துக்குத் தானே பாலமாகிவிடுகின்றான். கார்த்திகை, மார்கழி மழையில் நனைந்த நிலத்தில், தகரக் கொட்டகையில், இரவல் வயரில் நடக்கும் விழாக்கள் நம் ஊரில் எத்தனை! மூன்றாவது முள்ளை முறித்த சொருகி எங்கே கண்டாலும் அங்கே வாசிக்க மாட்டேன் என்று சொல்ல மகனுக்கு இப்போதே பழக்குங்கள். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இல்லையென்றால், கிற்றாருக்கு முன்பு அதை வாங்குங்கள். இதிலே விட்டுக்கொடுப்பு இல்லை.

வாங்கி வந்த பின் வாவிக்கரைக் காற்று தன் வேலையைத் தொடங்கும். உப்பும் வியர்வையும் சேர்ந்து தந்தியைத் துருவேற்றும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைத்தால் ஆயுள் இருமடங்காகும். தந்தித் தொகுதி எப்போதும் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். தகரக் கூரைக்கு நேர்கீழே தொங்கவிட வேண்டாம். நண்பகலில் அங்கே ஒட்டும் இளகும். துளைகள் வழியே குளவி புகுந்து மண்கூடு கட்டுவதும் உண்டு; ஆகையால் உறைக்குள் வைப்பதே நன்று. வைகாசி தொடங்கி மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது மரம் வறண்டு சுருங்கும். மெட்டுகளின் ஓரங்கள் விரலைக் கீறும்; தண்டி சற்றே வளைவு மாறித் தந்தி மெட்டில் உரசத் தொடங்கும். கருவி கெட்டுவிட்டது என்று அப்போது பதறவேண்டாம். தண்டியினுள் ஓர் உருக்குக் கம்பி ஓடுகின்றது. தலைப்பகுதியிலுள்ள சிறு மூடியைக் கழற்றினால் அதன் திருகு தெரியும். அதனைக் கால் சுற்றுத் திருப்பி, ஓர் இரவு விட்டு, மறுநாட் காலையிற் பார்த்து, வேண்டுமானால் மட்டும் இன்னொரு கால் சுற்று. மழை தொடங்கியபின் அதே அளவு திரும்பவும் எதிர்ப்புறமாகத் திருப்ப வேண்டி வரலாம்.